வேறு மாநிலத்தில் போலீஸ் வேலை: முதலில் வீடு மாறுவதா, தேர்வு எழுதுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வயது 23, பட்டப்படிப்பு முடித்தாகிவிட்டது, தமிழ்வழிக் கல்வி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல், உயரம் 171 செ.மீ. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு இரண்டு முறையும் கட்-ஆஃபில் ஓரிரு மதிப்பெண்ணில் நழுவிவிட்டது. பெங்களூரில் அண்ணன் இருப்பதால் அங்கே போய்த் தங்கி, ஆதார் முகவரியை மாற்றிக்கொண்டு கர்நாடக போலீசில் சேரலாமா, வேறு எந்த மாநிலத்தில் போட்டி குறைவு, சில வருடம் கழித்துத் தமிழ்நாட்டுக்கு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: முகவரி மாறினால் வாய்ப்பு கூடுமா? கூடாது. பல இடங்களில் குறையும். ஆனால் முகவரியே மாற்றாமல், தமிழ்நாட்டில் இருந்தபடியே விண்ணப்பித்து வெளிமாநிலத்தில் காக்கி போட வழி உண்டு. அந்த வழியைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஆள் எடுக்கிறது, தனித்தனி விதி வைத்திருக்கிறது. அதே அரசியலமைப்பின் 16(2) பிரிவு, பிறந்த இடத்தையோ குடியிருப்பையோ மட்டும் காரணம் காட்டி அரசு வேலையை மறுக்கக் கூடாது என்கிறது. குடியிருப்பு நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தை 16(3) நாடாளுமன்றத்துக்கு மட்டுமே தருகிறது. இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் எந்த மாநிலத்திலும் சேரலாம்’ என்று நினைப்பவர்கள் நிறைய. ஏட்டில் அது சரி. நடைமுறையில் மொழி, இடஒதுக்கீடு, உள்ளூர்ப் பங்கு என்ற மூன்று இடங்களில் தடை வருகிறது.

மொழியை நம் ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு இருக்கிறது. அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் முதன்மை விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தெலுங்கு மட்டும் தெரிந்த ஓர் இளைஞர் சென்னையில் வீடு எடுத்துத் தங்கினால் இதைத் தாண்ட முடியுமா? கர்நாடகத்தில் நீங்கள் அந்த நிலையில்தான் இருப்பீர்கள். பயிற்சி, நிலையப் பதிவேடு, வாக்குமூலம், நீதிமன்றத்துக்குப் போகும் காகிதம் எல்லாம் கன்னடம். பேசத் தெரிவது போதாது, கையால் எழுத வேண்டும். காவலரின் வேலையில் பாதி எழுத்து வேலை என்பதைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்தது இடஒதுக்கீடு. உங்களுக்கு அதிகம் இழப்பு வருவது இதில்தான். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி, பழங்குடிச் சான்று அடுத்த மாநிலத்தில் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மறுபடி உறுதி செய்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகவே கர்நாடகத்தில் நீங்கள் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். வயது வரம்புத் தளர்வும் போய்விடும். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலருக்குப் பொதுப்பிரிவு உச்ச வயது 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28. அந்த இரண்டு ஆண்டையும் கையில் வைத்திருக்கும் நீங்கள், அதை விட்டுவிட்டு வேறு மாநிலத்தில் பொதுப்பிரிவில் நிற்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

மூன்றாவது, உள்ளூர்ப் பங்கு. ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் அரசியலமைப்பின் 371டி பிரிவு தனி ஏற்பாடு. தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி 95 விழுக்காடு இடம் உள்ளூர்க்காரர்களுக்கு. யார் உள்ளூர் என்பது பள்ளிப் படிப்பு எங்கே என்பதை வைத்து முடிவாகும். இன்று வீடு மாறி அதைச் சரிக்கட்ட முடியாது. கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களுக்கு 371ஜே வழியாக இதே போன்ற ஒதுக்கீடு உண்டு. மகாராஷ்டிரத்தில் குடியிருப்புச் சான்று வாங்கவே 15 ஆண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். பலர் கேட்பது புதுச்சேரி: தமிழ் பேசும் ஊர், பக்கத்து ஊர், மொழித் தடை இல்லை. ஆனால் அங்கே ஒன்றியப் பிரதேசத்தின் பிறப்பிட அல்லது குடியிருப்புச் சான்று கேட்பார்கள். குடியிருப்புச் சான்றுக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். 23 வயதில் போய் ஐந்து ஆண்டு காத்திருந்தால் 28 ஆகிவிடும். கேரளத்தில் ஆளெடுப்பது அந்த மாநிலத்தின் அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. அங்கே உடற்தகுதியில் எட்டு நிகழ்வுகளில் ஐந்தில் தேற வேண்டும். 1500 மீட்டருக்கு 5 நிமிடம் 44 விநாடிதான் தருவார்கள், நம் ஊரில் அதற்கு 7 நிமிடம். இடுக்கி, பாலக்காடு எல்லையில் வளர்ந்து மலையாளம் எழுதத் தெரிந்தவருக்கு அது வழி. மற்றவர்களுக்கு இல்லை.

இனி முகவரி மாற்றத் தேவையில்லாத வழிகள். முதலாவது தில்லி போலீஸ். அது மாநில அரசின் கீழ் இல்லை, ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆளெடுப்பது எஸ்.எஸ்.சி. எனப்படும் பணியாளர் தேர்வாணையம். நாடு முழுவதும் யாரும் விண்ணப்பிக்கலாம், கணினித் தேர்வைத் தமிழ்நாட்டு மையங்களிலேயே எழுதலாம். 2025 அறிவிக்கையில் கான்ஸ்டபிள் இடங்கள் 7,565. மேலே சொன்ன பீர் சிங் தீர்ப்பு தில்லிக்கு மட்டும் விலக்குத் தருகிறது: அங்கே அகில இந்திய இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதி இளைஞர் கர்நாடகத்தில் இழக்கும் சலுகை தில்லியில் அப்படியே கிடைக்கும்.

தில்லி கான்ஸ்டபிளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும். வயது 18 முதல் 25, ஒன்றியப் பட்டியலில் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு (ஓ.பி.சி.) 3 ஆண்டு தளர்வு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., மார்பு 81, விரித்தால் 85. பெண்களுக்கு உயரம் 157. தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி: பொது அறிவு 50, பகுத்தறிவு 25, கணக்கு 15, கணினி 10. ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போகும். நம் ஊர்த் தேர்வில் அந்தக் கழித்தல் இல்லை. தெரியாததையும் குருட்டாம்போக்கில் நிரப்பிப் பழகிய கை இங்கே நஷ்டப்படும். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ்வழியில் படித்த உங்களுக்குப் பகுத்தறிவும் கணக்கும் பெரிய தொல்லை தராது. பொது அறிவுக் கேள்வியை ஆங்கிலத்தில் வேகமாகப் படித்துப் புரிந்துகொள்வதில்தான் நேரம் போகும். தினமும் ஒரு மணி நேரம் ஆங்கில வினாத்தாளைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்ப்பது ஒன்றே மருந்து.

உடற்தகுதியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ‘நான் இரண்டு முறை ஓடித் தேறியவன்’ என்ற நம்பிக்கை இங்கே ஏமாற்றும். தமிழ்நாட்டில் 1500 மீட்டருக்கு 7 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. தில்லியில் 30 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 1600 மீட்டருக்கு 6 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 45 விநாடி. 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, ஒவ்வொன்றும் 90 விநாடிக்குள். நம் ஊரில் நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே இரண்டும் கட்டாயம்: நீளம் 14 அடி, உயரம் 3 அடி 9 அங்குலம். பெண்களுக்கு 1600 மீட்டர் 8 நிமிடம், 10 அடி, 3 அடி. ஓட்டத்தில் முழு மூச்சையும் செலவழித்துவிட்டு அடுத்து தாண்டும்போது கால் எழும்பாமல் வெளியேறுபவர்கள் அதிகம். பயிற்சியிலேயே வாரம் ஒரு நாள் ஓட்டம், பத்து நிமிட ஓய்வு, இரண்டு தாண்டுதல் என்று அதே வரிசையில் செய்துபாருங்கள். கடைசிச் சுற்று 90 விநாடியைத் தாண்டினால் முதல் சுற்றை அளவுக்கு மீறி வேகமாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். முதல் சுற்றை 85க்குக் கீழே கொண்டு போகாதீர்கள். உடற்தேர்வு தில்லியில்தான் நடக்கும். குளிர்காலத்தில் வந்தால் விடியற்காலைக் குளிரில் தசை இறுகிவிடும். இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, ஓடுமுன் 20 நிமிடமாவது உடம்பைச் சூடேற்ற வேண்டும்.

தில்லிக்கு விண்ணப்பிக்கும் ஆண்கள் சறுக்கும் இன்னொரு இடம் ஓட்டுநர் உரிமம். மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டும் நிலையான உரிமம் உடற்தேர்வு நாளன்று கையில் இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். செல்லாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், அறிவிக்கை வந்தபின் ஓடினால் நாள் போதாமல் போகலாம். இன்றே எடுத்துவிடுங்கள். பார்வை கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/12 இருக்க வேண்டும். அறுவை செய்து திருத்திய பார்வையையும் ஏற்பதில்லை. லேசர் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள். தட்டைப் பாதம், முட்டி இடிப்பு, நரம்புச் சுருட்டல் ஆகியவை மருத்துவப் பரிசோதனையில் பலரை வெளியேற்றுபவை. ஓர் அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டால், இரண்டு வருட உழைப்பு கடைசி நாளில் வீணாகாது.

சாதிச் சான்றில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டின் எம்.பி.சி. சான்று அப்படியே ஒன்றியத் தேர்வில் செல்லாது. உங்கள் சாதி ஒன்றிய ஓ.பி.சி. பட்டியலில் தமிழ்நாட்டுப் பகுதியில் இருக்கிறதா என்று தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பெரும்பாலானவை இருக்கின்றன, சில இல்லை. இருந்தால், ஒன்றிய அரசுப் படிவத்தில் ‘கிரீமி லேயர் இல்லை’, அதாவது குடும்பம் வசதி படைத்த மேலடுக்கில் இல்லை என்ற சான்றைத் தாசில்தாரிடம் தனியாக வாங்க வேண்டும். மாநிலத்தில் கிரீமி லேயர் என்ற கேள்வியே எழாததால் நம் பிள்ளைகள் இந்தக் காகிதத்தை மறந்துவிட்டு, சான்று சரிபார்ப்பு நாளில் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள். சான்றின் தேதி அறிவிக்கை சொல்லும் காலத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்காகத்தான் ஆதார் முகவரியைப் பெங்களூருக்கு மாற்றாதீர்கள் என்கிறேன். இந்தச் சான்றுகள் எல்லாம் உங்கள் சொந்தத் தாலுகாவிலிருந்து வர வேண்டியவை. முகவரி முரண்பட்டால் அலைச்சல்தான்.

நீங்கள் பட்டதாரி என்பதால் எஸ்.எஸ்.சி. நடத்தும் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வையும் விடாதீர்கள். தில்லி போலீசுக்கும் ஒன்றியப் படைகளுக்கும் சேர்த்து நடக்கும் தேர்வு அது. வயது 20 முதல் 25, ஓ.பி.சி.க்கு 28. ஓட்டம் 1.6 கி.மீ. ஆறரை நிமிடம், 100 மீட்டர் 16 விநாடி, நீளம் 3.65 மீட்டர், உயரம் 1.2 மீட்டர், 16 பவுண்டு குண்டு 4.5 மீட்டர். எழுத்துத் தேர்வில் ஆங்கிலம் கனமாக இருக்கும். ஊதியம் நிலை 6, அடிப்படை 35,400 ரூபாய். தில்லி கான்ஸ்டபிளுக்கு 21,700, தமிழ்நாட்டு இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200. கான்ஸ்டபிளுக்கு நம் ஊரைவிட அங்கே கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் தில்லி வாடகையையும், ஊருக்கு வந்துபோக சென்னையிலிருந்தே சுமார் 2,200 கிலோமீட்டர் என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். சம்பளத்துக்காக மட்டும் தில்லி போக வேண்டாம்.

இரண்டாவது வழி ஜி.டி. (பொதுப் பணி) கான்ஸ்டபிள் தேர்வு. பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி., எஸ்.எஸ்.பி. முதலிய ஒன்றியப் படைகளுக்குச் சேர்த்து எஸ்.எஸ்.சி. நடத்துவது. பத்தாம் வகுப்பு போதும், வயது 18 முதல் 23, ஓ.பி.சி.க்கு 26. 2024 முதல் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. உங்களுக்கு இது பெரிய சாதகம். ஆண்களுக்கு 5 கி.மீ. ஓட்டம் 24 நிமிடத்தில். இடங்கள் மாநில வாரியாகப் பிரிக்கப்படுவதால் தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சான்று அவசியம். கட்-ஆஃப் குறைவான மாநிலத்திலிருந்து சான்று ‘ஏற்பாடு’ செய்து தருவதாகச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அது போலிச் சான்று. பிடிபட்டால் வேலை போவதோடு குற்ற வழக்கும் வரும், அதன்பின் எந்தச் சீருடையும் கிடைக்காது. ஆனால் ஒன்று: இவை படைகள், காவல் நிலையங்கள் அல்ல. வழக்குப் பதிவதும் புலன் விசாரிப்பதும்தான் உங்கள் ஆசை என்றால் இவை அதைத் தராது. ரயில்வே பாதுகாப்புப் படையும் கிட்டத்தட்ட அப்படியே. ரயில்வே சொத்துத் திருட்டை அது விசாரிக்கும், ரயிலில் நடக்கும் கொலையையும் கொள்ளையையும் மாநில இருப்புப்பாதைக் காவல்தான் விசாரிக்கும். அதன் தேர்வையும் தமிழில் எழுதலாம்.

திரும்பி வருவது பற்றி. ஒரு மாநிலக் காவலர் இன்னொரு மாநிலக் காவல்துறைக்கு ‘மாற்றல்’ வாங்க உரிமை கிடையாது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு ஈர்த்துக்கொள்ளும் வழி ஏட்டில் உண்டு. அபூர்வமாக நடக்கும்போதும் பணிமூப்பில் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். தில்லி போலீசில் சேர்ந்தால் ஓய்வு பெறும் வரை தில்லி என்றே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றியப் படைகளில் நிலைமை வேறு. சி.ஐ.எஸ்.எஃப். சென்னை விமான நிலையம், நெய்வேலி, கல்பாக்கம் என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் காவல் பார்க்கிறது, சி.ஆர்.பி.எஃப்.க்கு ஆவடியில் முகாம் இருக்கிறது. பணிக்காலத்தில் சில ஆண்டுகளாவது ஊர்ப்பக்கம் வர வாய்ப்பு உண்டு. எப்போது என்பது காலியிடத்தையும் உங்கள் மூப்பையும் பொறுத்தது, யாரும் உறுதி தர முடியாது. வெளியூர் வாழ்க்கை வேண்டும், ஆனால் தமிழ்நாட்டுக் காவலராகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: தில்லி திகார் சிறைக் காவலில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் எட்டாம் அணி இருக்கிறது.

தில்லிதான் என்று முடிவானால் இந்தியை இப்போதே தொடங்குங்கள். தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா தேர்வுகள் எழுத்தையும் இலக்கணத்தையும் தரும், பேச்சைத் தராது. நிலையத்துக்குள் பழகும் சொற்களோ உருதுவும் பாரசீகமும் கலந்தவை: பொது நாட்குறிப்பு ‘ரோஜ்நாம்சா’, வழக்குச் சொத்து வைக்கும் அறை ‘மால்கானா’, வழக்கு பதியச் சொல்லி நிலையத்துக்கு அனுப்பும் எழுத்து ‘ருக்கா’. எளிய இந்தியில் எழுதச் சொல்லி அறிவுறுத்தல்கள் வந்த பிறகும் பேச்சில் இவை போகவில்லை. பயிற்சிப் பள்ளியில் சட்ட வகுப்பு இந்தியில் ஓடும்போது எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பின்தங்குவார். கவாத்தில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அது ஈடாகாது.

வேலை கிடைத்தபின் வரும் சரிபார்ப்பையும் இப்போதே மனதில் வையுங்கள். ஒன்றிய அரசின் சான்றுறுதிப் படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டில் ஓராண்டுக்கு மேல் தங்கிய எல்லா முகவரியையும் எழுத வேண்டும். அண்ணன் வீட்டில் அவ்வளவு காலம் தங்கினால் அதுவும் அதில் வர வேண்டும், சரிபார்ப்பு பெங்களூர் போலீசுக்கும் போய்த் திரும்ப வேண்டும். பணி நியமனம் அவ்வளவு தள்ளிப்போகலாம். சின்ன அடிதடி வழக்கு, முடிந்துபோன வழக்கு எதுவாக இருந்தாலும் கேட்ட இடத்தில் எழுதிவிடுங்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, உண்மையை எழுதியவரின் வழக்கை அதன் தன்மையைப் பார்த்து அதிகாரி எடைபோடலாம். மறைத்தவருக்கு, சிறு வழக்குகளில் கிடைக்கும் மன்னிப்பைத் தவிர, பிடிமானம் மிகக் குறைவு. வயது, உயரம், ஓட்ட நேரம் போன்ற எண்கள் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும். மேலே சொன்னவற்றை வைத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள், விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் அறிவிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். தமிழ்நாட்டுத் தேர்வையும் விடாமல் எழுதுங்கள். உங்களுக்கு அங்கே இன்னும் 28 வரை இடமிருக்கிறது.